டயர் ஜானகியின் அறுபத்து நாலு

ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஜானகிராமனுக்கு ‘டயர் ஜானகி’ என்று பெயர். பின்னே என்ன, விபத்து நடந்த இடத்துக்கு மற்றவர்கள் லத்தியோடு போனால், இவர் சிமென்ட் நிரப்பிய பாதி டயரைத் தூக்கிக்கொண்டு போவார். எடை இருபது கிலோ. கொக்கித் தராசில் மாட்டித் தார்ரோட்டில் இழுப்பார். இழுக்க எத்தனை கிலோ பலம், பிரேக் தடம் எத்தனை மீட்டர். இரண்டும் தெரிந்தால் வண்டியின் வேகத்தைச் சொல்லிவிடுவார். மனுஷன் பொய் சொல்வான், ரோடு சொல்லாது என்பது அவர் கட்சி.

ஆயுதபூஜையன்று மதியம் பாடியில், லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலையில், மோகன் ஓட்டிவந்த வேன் மோதி, பட்டறை வேலையாள் செல்வகுமார் அங்கேயே இறந்துபோனான். தடம் இருபத்து மூன்று மீட்டர். இழுவை பதினாலு கிலோ. கணக்குப்படி வேகம் அறுபத்து நாலு. அது ஐம்பதைத் தாண்டக்கூடாத சாலை. செல்வகுமாரின் மனைவி யுவராணியிடம் ஜானகிராமன் அதை அன்றே சொல்லிவிட்டார். “நாப்பத்தஞ்சுலதான் வந்தேன், வழுக்கிடுச்சு சார்” என்று மோகன் லாக்கப்பில் அழுதது அவர் காதில் ஏறவில்லை. எந்த டிரைவர்தான் அப்படிச் சொல்லமாட்டான்?

மூன்றாம் நாள் காலை, ரிப்போர்ட்டுக்குப் படம் வரைய அங்கே போனார். ரோடு கூட்டும் கன்னியம்மா நிமிர்ந்தாள்.

“இன்னா சார், திரும்ப அளக்க வந்துகீறீங்களா? அன்னிக்கு நீங்க சொன்னீங்கன்னு பூசணிக்காயெல்லாம் வாரிக் கழுவி உட்டேனே.”

ஜானகிராமன் படம் வரைய எடுத்த பேப்பரை மடித்தார். திருஷ்டி கழிக்க ஒவ்வொரு பட்டறை வாசலிலும் உடைத்தது. வண்டிகள் ஏறி ஏறி ரோடு முழுக்கக் கூழ். இன்னொருத்தன் விழக்கூடாதே என்று, வந்ததும் முதல் வேலையாக அவர்தான் கழுவச் சொன்னார். காய்ந்த பிறகு அளந்தார். படித்த முட்டாள்!

நாலு பூசணிக்காய் வாங்கிவரச் சொல்லி, அதே இடத்தில் உடைத்து, மிதித்துத் தேய்த்து, ஜீப்பிலிருந்த டயரை இறக்கி இழுத்தார். தராசு ஏழில் நின்றது. மறுபடி இழுத்தார். ஏழேதான். கணக்குப் போட்டார். நாற்பத்தைந்து.

கணவனின் துணிமணிகளை எடுத்துப்போகப் பட்டறைக்கு வந்திருந்த யுவராணி எதிரே நின்றாள். சொன்ன வாயாலேயே மாற்றிச் சொன்னார்.

“டிரைவராண்ட எவ்ளோ வாங்கினே?” செல்வகுமாரின் அண்ணன் ஆனந்தன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். பட்டறை ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

யுவராணி பூசணிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செல்போனை எடுத்து நீட்டினாள். அன்று காலை செல்வகுமார் வைத்த ஸ்டேட்டஸ். சிரித்துக்கொண்டே பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி, நடுரோட்டில் போட்டு உடைக்கிறான்.

“அவர உடு மாமா,” என்றாள். “சார், இதையும் சேத்து எழுதிக்கோங்க.”

ரோட்டைக் கழுவச் சொன்னது நான்தான் என்று முதல் வரியை எழுதினார் ஜானகிராமன். பூசணிக்காய் உடைத்தவர்களில் செல்வகுமாரும் ஒருவன் என்ற இரண்டாவது வரிக்குப் பேனா நகரவில்லை.