ஒச்சாண்டி நடந்த பிளேட்டு

என் சிநேகிதன் ஒச்சாண்டிக்கு நின்றுகொண்டு பாட வராது. சத்தியமாக வராது. குச்சனூர்ப் பக்கம் கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கிறவன். மாடுகள் சரிவில் இறங்கினால் பாடிக்கொண்டே இறங்குவான். மேலே வந்த சால் தண்ணீரைக் கொட்டியதும் மாடுகளோடு பாடிக்கொண்டே பின்னோக்கி ஏறி வருவான். கிணற்றடிக் குடிசையில் அடுப்போடு இருக்கும் அவன் பெண்டாட்டி பஞ்சம்மாள், குரல் தேய்ந்தால் “போறாக” என்பாள். வளர்ந்தால் “வாராக” என்று கூழைக் கரைப்பாள்.

முப்பத்து நாலாம் வருஷத்தில் பாட்டுப் பதிக்கிற பிளேட்டுக் கம்பெனிக்காரர்கள் மதுரையில் வீடு பிடித்துப் பாடகர்களைத் தேடினார்கள். தேனி பஜாரில் கிராமபோன் கடை வைத்திருந்த தங்கபாண்டி எங்களைக் கிளப்பிவிட்டார். நான் ராயப்பன்பட்டி மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிற ஜேசுராஜ். உறுமிக்குச் சின்னக்கருப்பு.

“அண்ணே, பாட்ட எப்படியாச்சும் பிளேட்டுல ஏத்திட்டு வந்துருங்க. இவுக வெளியூரு போனா வீடே வெறிச்சோன்னு கெடக்கு” என்று பஞ்சம்மாள் என்னிடம் சொல்லி அனுப்பினாள். தேனியில் ரயில் ஏறினோம். அந்தத் தண்டவாளத்தையே பிறகு யுத்தத்துக்குப் பிடுங்கிப் போய்விட்டார்கள். நாங்கள் மூவரும் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொண்டது மட்டும் எனக்கு மறக்கவில்லை.

மதுரையில் மைக் முன்னால் நிறுத்தினார்கள். பாட்டு தொடங்கியதுமே ஒச்சாண்டியின் கால் நகர்ந்துவிட்டது. குரல் தூரப்போய், பதிகிற மெழுகுத்தட்டு வீண். மேனேஜர் கத்தினார். மறுபடி பாட்டு, மறுபடி நடை.

“ஏலே, இங்கன மாடா நிக்குது? நில்லுடா!” என்று அவன் இடுப்பைத் துண்டால் தூணோடு கட்டினேன். நின்றான். ஆனால் பாட்டின் அடி மறந்து திருதிருவென்று விழித்தான்.

“இன்னும் ஒரு தடவைதான். கெட்டால் ஊருக்குக் கிளம்புங்கள்” என்றார் மேனேஜர்.

ஒச்சாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. “பஞ்சுகிட்ட என்னத்தடா சொல்லுவேன், ஜேசு?”

எனக்கு வந்ததே கோபம்! மேனேஜர் மேலா, மைக் மேலா, யாருக்குத் தெரியும். துண்டை அவிழ்த்தேன். “நடறா! நடந்தே பாடு, ஆனது ஆகட்டும்.”

அறையின் கோடிவரை போனான், அப்படியே பின்னோக்கி நடந்து வந்தான். அவன் விலகும்போதெல்லாம் நாங்கள் வாத்தியத்தை அடக்கி வாசித்தோம். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் பதித்துக்கொண்டார்.

அந்த ஐப்பசியில் மலைக்காய்ச்சல் ஒச்சாண்டியைக் கொண்டுபோய்விட்டது. பாவிப்பயல், பிளேட்டைப் பார்க்கக்கூட இருக்கவில்லை. தையில்தான் அது தங்கபாண்டி கடைக்கு வந்தது. நானும் சின்னக்கருப்பும் பஞ்சம்மாளைக் கூட்டிப்போனோம்.

முள்ளை வைத்தேன். அவன் குரல் தேய்ந்தது. “போறாக” என்றாள். வளர்ந்தது. “வாராக!” குரல் மறுபடி தேய்ந்தது. அதோடு பிளேட்டு முடிந்துபோனது.

“போனவக வரலையே, அண்ணே” என்றாள்.

திரும்ப வைத்தேன். எத்தனை தடவை வைத்தால் என்ன, அவன் போகிற இடத்தில்தானே அது முடியும்? சின்னக்கருப்பு தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

இன்னொரு முறை வைத்தேன். அவன் கிட்டே வந்து, நம் காதோரம் நின்று பாடுகிற இடம் வந்ததும் முள்ளைத் தூக்கிவிட்டேன்.

“வந்துட்டாக” என்றாள் பஞ்சம்மாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிளேட்டை வாங்கி மாரோடு அணைத்தாள்.

“வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

அவள் எங்களைக் கூப்பிடவில்லை.