அவன் எடுத்துக் கொடுத்த ஸ்கோப்

பிளானோவுக்கு வந்து சேர்ந்த எங்கள் ஊர்க்காரர்கள், கிரீன் கார்டு கைக்கு வந்ததும் ஆளுக்கொரு ஆசையைத் தீர்த்துக்கொள்வார்கள். சிலர் பிடிக்காத வேலையை விடுவார்கள். சிலர் ஊருக்குப் போய் இரண்டு மாதம் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். என் நண்பன் ரைஃபிள் வாங்கினான். அடுத்த வருடம் எனக்குக் கார்டு வந்ததும், "மாப்ள, இனி உன்ற முறை" என்றான்.

நாங்கள் இருவரும் ஈரோட்டுப் பக்கம். இங்கே வந்த புதிதில் ஒரே அபார்ட்மெண்டில் எதிரெதிர் வாசல். என் மகள் பிறந்த அன்று நான் பனியில் மாட்டிக்கொண்டு வேறொரு ஊர் விமான நிலையத்தில் கிடந்தேன். என் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், விடியும் வரை வெளியே உட்கார்ந்திருந்தவன் அவன். என் மகளை எனக்கு முன்னால் பார்த்தவன். எதைக் கேட்டாலும் அவன் வாயில் முதலில் வருவது "நானாச்சு" என்ற சொல்தான். கார் நின்றுபோனால் நானாச்சு, வரிக் கணக்கில் சிக்கல் என்றால் நானாச்சு. அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும், அவ்வளவு நிம்மதி.

ரைஃபிள் எதற்கென்றால், பன்றிக்கு. என் அலுவலகத் தோழர் ஒருவரின் மாமனாருக்கு வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில் நிலம் இருக்கிறது. காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து அவர் ஓட்ஸ் வயலை உழுதுவிட்டுப் போகும். சுட்டுத் தருகிறேன் என்று யார் வந்தாலும் பெரியவர் உள்ளே விடுவார். ஒரே நிபந்தனை: நூறு கஜத்தில் ஒரு காகிதத் தட்டைக் கட்டித் தொங்கவிடுவார், ஐந்து குண்டும் அதற்குள் விழ வேண்டும். குற்றுயிராக ஓடும் பன்றியை அவருக்குப் பிடிக்காது. என் நண்பன் அந்தத் தட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டான். நானும் போய் அவனோடு அந்த வயலோரம் உட்கார வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பன்றிகூட அப்புறம்தான்.

பழைய ரைஃபிள் ஒன்று மலிவாகக் கிடைத்துவிட்டது. அதன் மேல் பொருத்திக் குறிபார்க்கும் கண்ணாடிக் குழாய்க்கு, அதாவது ஸ்கோப்புக்கு, என் மனைவி எல்லை கட்டினாள். "முந்நூறு டாலருங்க. பையன் பல்லுக்குக் கம்பி கட்டோணும். அதுக்கு மேல எடுத்தீங்கன்னா அந்தக் கண்ணாடியிலயே ராத்திரிக்குச் சோறு தேடிக்குங்க." அவள் இப்படிச் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

முந்நூறுக்குள் எது நல்லது என்று நானே படித்தேன். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதுதான். அந்த விலையில் இருபத்து நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், உள்ளே சிவப்பு விளக்கு எரியும் என்றெல்லாம் விற்பார்கள். எல்லாம் கண்ணாடியில் மிச்சம் பிடித்த காசு. பன்றி அந்தி சாயும்போதுதான் வெளியே வரும். எனவே ஒன்பது மடங்கு தாராளம். அந்த மங்கலிலும் தெளிவாகக் காட்டும் கண்ணாடிதான் முக்கியம். அதைவிட முக்கியம் ஜீரோ. குறுக்குக்கோடு நிற்கும் இடத்தில் குண்டு போய்ச் சேரும்படி ஒருமுறை திருகி வைத்துவிட்டால், எத்தனை அதிர்ந்தாலும் அது நகரக்கூடாது. நகர்கிற ஸ்கோப்பில் சுடுவதும் கண்ணை மூடிக்கொண்டு சுடுவதும் ஒன்று.

சாயங்காலமாகப் பார்த்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர். விளக்கு வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் அழகாகத்தான் தெரியும் என்று சொல்லி, வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கச் சொன்னார். நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது விளக்கும் எழுத்தும் இல்லாத ஒரு கறுப்புக் குழாய். பார்க்கிங்கின் கடைசி மூலையில், இருட்டிக்கொண்டு வந்த மரத்தடியில் நின்ற டிரக்கின் நம்பர் பிளேட்டை அதில் படிக்க முடிந்தது. சந்தோஷத்தில் சத்தமாகவே படித்தேன்.

நண்பன் அதை என் கையிலிருந்து வாங்கினான். கண்ணில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. கவுண்டரில் வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"இது எடு மாப்ள. என்றகிட்ட இருக்கறதும் இதேதான்."

"அது இன்னும் பளிச்சுனு இருந்துச்சுடா."

"பளிச்சுனு இருந்து என்ன பண்ணப் போற, பன்னிக்குப் பொட்டு வெக்கப் போறயா? ரெண்டு பேருதும் ஒண்ணா இருந்தா எனக்கு உள்ளயும் வெளியயும் தெரியும். ஒரு சந்தேகம்னா பாத்துச் சொல்லிருவேன். நானாச்சு."

கொடுத்ததையும் வாசலில் வைத்துப் பார்த்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. வாங்கிவிட்டேன்.

மறுவாரம் ஆயுத பூஜை. கார் சாவிகள், பிள்ளைகளின் லேப்டாப், என் மனைவியின் தையல் மெஷின் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ரைஃபிளையும் வைக்கலாமா என்று கேட்டேன். "சரஸ்வதி பக்கத்துலயா? கராஜ்லயே கெடக்கட்டுமுங்க. வேணும்னா அந்தக் கண்ணாடிய மட்டும் கொண்டாங்க" என்றாள். ஸ்கோப்பின் தலையில் கோடுகளைத் திருகும் இடத்தை மூடி ஒன்று மறைத்திருக்கும். அதன் மேல் சந்தனம் வைத்து, பெரிதாகக் குங்குமம் வைத்தாள். அவளுக்குக் கை தாராளம். பாதிக் குங்குமம் மூடியின் இடுக்கில் இறங்கியது.

நண்பன் வீட்டில் அந்த வருடம் பூஜை, நோம்பி எதுவும் இல்லை. அவன் அப்பா தவறி வருடம் திரும்பவில்லை. சுண்டலும் பொரியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரைஃபிளையும் ஸ்கோப்பையும் சேர்த்தே கொடுத்தேன், பொருத்தித் தருவதற்கு. நூல் பிடித்த மாதிரி நேராகப் பொருத்தும் கருவிகள் அவனிடம்தான் இருந்தன. இரண்டு நாளில் பொருத்திக் கொடுத்தான். பொட்டு இல்லை. "ஆயில் துணில தொடச்சேன், போயிருச்சு மாப்ள" என்றான்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் சுட்டுப் பழகும் ரேஞ்சில் நான் சுட்டதைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதல் குண்டு தட்டின் நடுவில். அடுத்தது ஒரு சாண் இடது பக்கம். அடுத்தது தட்டுக்கு மேலே வானத்துக்கு. திருகிச் சரிசெய்தால் அடுத்த முறை வேறு பக்கம். பக்கத்து மேசையில் அவன் சாவகாசமாக ஐந்தையும் தட்டுக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

"ட்ரிகரைப் புடிச்சு இழுக்கற மாப்ள. கொழந்த கன்னத்தத் தொடற மாதிரித் தொடோணும்."

"ஸ்கோப் நகருதோன்னு இருக்குடா."

"அதே ஸ்கோப்புதான் என்றதுலயும் இருக்குது. இங்க கல்லு மாதிரி நிக்குதில்ல? அப்பறம் கண்ணாடியக் கொற சொன்னா எப்புடி?"

"உன்றதுல ரெண்டு சுட்டுப் பாக்கட்டா?" என்று கேட்டேன். ஒருவன் கைக்குப் பழகியதை இன்னொருவன் தொடக்கூடாது என்றான். அதையும் நம்பினேன். இன்னொரு நாள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கை நடுங்குது பாரு. ஒரு தடவ பி.பி. பாத்துக்க மாப்ள. வயசாவுதில்ல?" என்றான்.

நான் டாக்டரிடம் போனேன். ஒன்றுமில்லை என்றார். இருந்தாலும் காபியைப் பாதியாகக் குறைத்தேன். கண்ணைப் பரிசோதித்து மூக்குக்கண்ணாடியை மாற்றினேன். கராஜில் தினமும் காலி ரைஃபிளை நீட்டிப் பிடித்து, நுனி ஆடுகிறதா என்று பார்த்தேன். ஆடுவது போலத்தான் இருந்தது. என் மகள் எட்டிப் பார்த்து, "Dad, are you okay?" என்று கேட்டாள்.

பெரியவரின் தட்டில் இரண்டுதான் விழுந்தன. அவர் என் தோளில் தட்டி, இந்த வருடம் வேண்டாம், நிதானமாகப் பழகிக்கொண்டு வா என்றார். நண்பன் வயலுக்குள் போனான். அன்று மாலை எங்கள் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு பெரிய பன்றியோடு அவன் படம் வந்தது. முதலில் கை தட்டியவன் நான்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் கராஜில் ரைஃபிளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். டீ எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனான். ஸ்கோப்பின் மூடியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தான். சும்மா இருக்க மாட்டாமல் கையில் எடுத்தேன். மூடியின் உள்பக்க மரையில் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் வழித்தேன். கொஞ்சம் சிவப்பு, அதன் ஓரத்தில் காய்ந்த சந்தனம்.

இரண்டு டம்ளரோடு வந்தான்.

"இதுல குங்குமம் இருக்குதுடா."

"ஆமா, ஆயுத பூஜைக்கு வெச்சது மாப்ள" என்றான், டம்ளரை நீட்டியபடியே. சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. அவன் வீட்டில் பூஜையே இல்லாத வருடம் அது. சுண்டல் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

பிறகு அவனாகவே சொன்னான். பொருத்தக் கொடுத்தபோதே இரண்டு ஸ்கோப்பையும் மாற்றி மாட்டியிருக்கிறான். அவனுடையது ஆன்லைனில் பாதி விலைக்கு வாங்கியது. பெரியவரின் தட்டைத் தாண்டிய மறுமாதமே கோடு நகர ஆரம்பித்திருக்கிறது. கம்பெனிக்கு அனுப்பினால், இது நாங்கள் செய்ததே இல்லை, போலி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஊருக்கெல்லாம் அதைத்தான் வாங்குங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன் மாப்ள. ஏமாந்துட்டேன்னு வெளிய எப்புடிச் சொல்றது? நீ வருஷத்துக்கு ரெண்டு வாட்டி சுடுவ. உனக்கு அது போதும்னு..."

"நான் கண்ணு டெஸ்ட்டுக்குப் போனனேடா."

அவன் டம்ளர்களை மேசையில் வைத்தான்.

"அன்னைக்குக் கடையில நான் எடுத்ததை வாங்கி வெச்சுட்டு இதைக் கையில குடுத்த. அப்பவே நெனச்சயா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நான் அப்படிப்பட்டவன்தான். அவன் மேசையில் இருந்த சின்னத் திருகாணிச் சாவியை எடுத்து, குனிந்து, தன் ரைஃபிளிலிருந்து என் ஸ்கோப்பைக் கழற்ற ஆரம்பித்தான். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினான். நிமிரவே இல்லை. டீயின் மேல் ஆடை படிந்தது.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். "கேட்டிருந்தாருன்னா குடுத்திருப்பமுங்க" என்றாள். பிறகு, "ஆஸ்பத்திரில அன்னைக்கு ராத்திரி முழுக்க உக்காந்திருந்தாரே, அதை என்னங்க பண்றது?" என்றாள். எனக்கும் அதுதான் தெரியவில்லை. அது பொய்யில்லை. இதுவும் பொய்யில்லை. ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்கப் பார்க்கிறேன். இரண்டுமே அழிய மறுக்கின்றன.

ஸ்கோப்பை நானே பொருத்தினேன். கோணல்மாணலாக இருக்குமோ என்று பயந்தேன். ரேஞ்சில் முதல் நாளே குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. கை நடுங்கவில்லை. அது எனக்குக் கொடுத்த வலியை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு குண்டும் சரியாக விழ விழ, அவன் அத்தனை சனிக்கிழமைகளிலும் பக்கத்து மேசையில் உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குப் புரிந்துகொண்டே வந்தது.

பெரியவரிடம் தனியாகப் போனேன். ஐந்தும் தட்டுக்குள். அவர் தட்டைக் கழற்றி வந்து, ஓட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்து, மூக்குக்கண்ணாடி மாற்றினாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சரி, அடுத்த வாரமே வா, புல் ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது, இப்போது யாரையும் தனியாக உள்ளே விடுவதில்லை என்றார். ஒருவர் முன்னால் நடக்க, துப்பாக்கியோடு இன்னொருவர் பின்னால் வர வேண்டும். உன் நண்பன்தானே வருவான் என்றார்.

இல்லை என்றேன்.

வேறு யார் என்று கேட்டார்.

வயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மறுகோடியில் புல் ஓரிடத்தில் அசைந்தது. பன்றியாகத்தான் இருக்கும். அவர் அவசரப்படுத்தவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, ரைஃபிளை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். பிளானோவில் எனக்குத் தெரிந்த ஆட்கள் ஏராளம். என் முதுகுக்குப் பின்னால் நடக்கவிட ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை.