சத்துத் தண்ணி

ஐம்பது தாண்டிய பிறகு நான் இன்டர்ன் ஆனேன். கையுறைத் தொழிற்சாலை எங்களை வீட்டுக்கு அனுப்பியதும், சும்மா உட்கார்ந்து மனைவியின் சமையலுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். மார்க் பிடிக்காமல் அவள்தான் சுங்கை லாலாங் பக்கமுள்ள ஒரு காய்கறித் தோட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டாள். சம்பளம் இல்லை, மதியச் சோறு உண்டு. எஸ்டேட்டை விட்டு வெளியேற என் அப்பா பட்ட பாடெல்லாம், நான் மண்வெட்டியோடு மறுபடி ஒரு தோட்டத்துக்குள் நுழைவதில் வந்து முடிந்தது.

அங்கே விளைவது விற்பனைக்கு இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் வீடுகளுக்கு இலவசமாகப் போகும். நடத்தியவர் ஓய்வுபெற்ற சீனத் தாதி. எல்லோருக்கும் அவர் மிஸ்ஸி. நான் களை பிடுங்கினால் செடியும் சேர்ந்து வந்துவிடும் என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார். தமிழ் வீடுகளுக்குக் காய்கறிப் பை கொண்டுபோகும் வேலையைக் கொடுத்தார்.

கூடவே சொல்ல வேண்டிய செய்தியையும் மலாயில் சொல்லித் தந்தார். கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கீரையிலுள்ள பொட்டாசியம் அதில்தான் இறங்கும். இவர்கள் உடம்பில் அது தேங்கினால் இதயம் நின்றுவிடும். கடைசி வரியை மட்டும் நான் வீடுகளில் சொல்வதில்லை. காய்கறி கொடுக்கப் போன இடத்தில் சாவுப் பேச்சு எதற்கு?

மெர்போக்கில் ஒரு வீடு. அந்த அண்ணன் முன்பு எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். வாரத்தில் பாதி நாள் மிஷினோடு கிடப்பார். மீதி நாளில் என்னைக் கிண்டல் செய்வார்.

"வந்துட்டாருடி இன்டர்ன் தம்பி! ஸ்கூல் பேக் எங்கலா?"

"அம்மா இன்னும் வாங்கிக் குடுக்கலண்ணே."

அவர் மனைவி பையைப் பிரித்துப் பார்த்தார். "கீரைன்னா இவருக்கு உசுரு. குடுக்கலாமாண்ணே?"

"குடுக்கலாம்மா. நெறைய தண்ணி ஊத்தி வேகவைங்க. பொட்டாசியம் சத்து எல்லாம் தண்ணில எறங்கிரும். அப்புறம் தண்ணிய இறுத்துருங்க."

"சத்து தண்ணில எறங்கிரும்," என்று மனப்பாடம் செய்வதுபோல் திருப்பிச் சொன்னார்.

அடுத்தடுத்த முறைகளில் அந்த அண்ணனின் கிண்டல் குறைந்தது. கால் கனக்கிறது என்றார். ஒருநாள் விடியற்காலையில் மிஷினுக்குப் போகச் சட்டை மாட்டும்போதே விழுந்து இறந்துபோனார்.

மிஸ்ஸியும் நானும் சாவு வீட்டுக்குப் போனோம். அந்தம்மா பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஒரு நாளு விட்டேனா? கீரைய கோழிக்குப் போட்டுட்டு, சத்துத் தண்ணிய மொளகு தட்டிப் போட்டு ஒங்களுக்குத்தானே ஊத்துனேன்! அத்தனை சத்தும் எங்க போச்சு?"

உட்காருவதற்கு இழுத்த பிளாஸ்டிக் நாற்காலியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். இரும்பா, சுண்ணாம்பா, எதைச் சொன்னாலும் கூடவே 'சத்து' என்று சேர்த்துத்தான் நமக்குப் பழக்கம். சத்தை எந்தப் பெண்சாதி சாக்கடையில் ஊற்றுவாள்?

மிஸ்ஸி என் காதருகே குனிந்தார். "தியா சாகாப் ஆப்பா?" என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

அழுகிறார் என்றேன். அதுவும் என் மொழிபெயர்ப்புதான்.

திரும்பும் வழியில், அந்தத் தண்ணீரை யாராவது குடித்தால் என்ன ஆகும் என்று மிஸ்ஸியிடம் கேட்டேன். இந்த நோயில் இதயம் எதற்கு வேண்டுமானாலும் நிற்கும், எதனால் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். ஏன் கேட்கிறாய் என்றார். சும்மா என்றேன்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் சத்து என்று நான் சொல்லவில்லை. "அந்தத் தண்ணி வெசம். கொட்டிருங்க," என்பேன். தெளிவான தமிழ்தான். கொஞ்சம் பிந்தி வந்தது.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் அந்தம்மா தோட்டத்துக்கே வந்துவிட்டார். "வீட்டுல கோழிங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்க முடியலண்ணே. எதாச்சும் வேல குடுங்க."

பயத்தங்காய்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கும் மேசையில், என் பக்கத்திலேயே நின்றார். வேகமான கை. நான் ஒரு கட்டுக்கு ரப்பர் மாட்டுவதற்குள் மூன்று கட்டு சேர்த்துவிடுவார். "பென்ஷன் வாங்குற வயசுல இன்டர்னு," என்று அவர் வீட்டுக்காரர் மாதிரியே கிண்டலும் செய்தார். சிரித்தேன். அவருக்குத் தெரியக்கூடாது என்பது ஒன்றுதான் என் வேண்டுதல்.

ஒருநாள் புதிதாக ஓர் அக்கா பை வாங்க வந்தார். கணவருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருக்கிறது. பையில் கீரை இருந்தது.

"நெறைய தண்ணி ஊத்தி வேகவைங்கக்கா," என்றேன். "அப்புறம்..."

 வெசம் என்று சொன்னால் பக்கத்தில் நிற்கும் அந்தம்மா காதில் விழும். சொல்லாவிட்டால் இந்த அக்கா வீட்டில் ஒருவர் குடிப்பார்.

"அப்புறம் என்னாண்ணே?"

"அப்புறம்... அடுப்ப அணைச்சிருங்க." என் ஜோக்குக்கு அந்த அக்கா பாவமாகச் சிரித்தார்.

அந்தம்மா தலை நிமிரவில்லை. கை மட்டும் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தது.

"தண்ணிய கொட்டிருங்கக்கா," என்றார். "லோங்காங்குல, அந்தச் சாக்கடையிலயே கொட்டிருங்க. அதுலதான் சத்து இருக்குன்னு யாரு சொன்னாலும், ஆசையா குடுத்துறாதீங்க."

"ஐயோ, யாரும்மா அப்படிச் சொல்லுவா?"

அந்தம்மா அடுக்கிய கட்டை என் பக்கம் தள்ளினார்.

"ரப்பர் போடுங்கண்ணே."

போட்டேன். அறுந்துவிட்டது. இன்னொன்று எடுத்தேன்.