வடக்குச் சுவரில் முப்பத்து நான்கு

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டின் வெளிச் சென்சாரை மாற்றினேன். பழையது நான்கு வருடம் உழைத்தது. புதியதில் பேட்டரியைப் போட்டு, கூடத்தில் இருக்கும் வானிலைப் பெட்டியோடு சேர்த்து, எண் வந்ததும் டைரியில் குறித்துக்கொண்டேன். வயர் இல்லாமலே வெளிச்சூட்டை வீட்டுக்குள் காட்டும் இந்தச் சாதனத்தோடு ஒரு சின்னக் கையேடு வரும். நேரடி வெயில் படாத, நிழலான இடத்தில் சென்சாரைப் பொருத்தவும் என்று அதில் ஒரு வரி இருக்கும். யார் செய்த பெட்டியானாலும் அந்த வரி இருக்கும். சரியான வரிதான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அப்பா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறை வைத்திருந்தார். தறியிலிருந்து வரும் துணியைத் தொட்டியில் வெளுத்து அலசி, பின்னால் இருந்த களத்தில் மூங்கில்களுக்கு மேல் விரித்துக் காயப்போட வேண்டும். காய்ந்ததை மடிக்க வேண்டும். களத்து வேலைக்குப் பதினோரு பெண்கள் வந்தார்கள். பாதிப்பேர் மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார்கள். ஈரத்துணியின் வெள்ளை, வெயிலை அப்படியே திருப்பி முகத்தில் அடிக்கும். அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டேதான் நடமாடுவார்கள். அது அவர்களுடைய முகச்சாடை என்று நான் நினைத்திருந்தேன்.

அந்தச் சித்திரையில் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு வானிலைப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே வைக்கும் பெட்டி ஒன்று, வெளியே மாட்டும் வெள்ளைச் சென்சார் இரண்டு. ஒன்றை மாமா களத்து நடுக்கம்பத்தில் ஆணியடித்து மாட்டினார். பெட்டியை அப்பாவின் ஆபீஸ் மேஜையில் வைத்தார். ஊரே வந்து பார்த்தது. நாற்பத்திரண்டு என்று அது காட்டியபோது, நம் ஊர் வெயிலுக்குச் சிங்கப்பூர் சர்டிபிகேட் கிடைத்துவிட்டது என்று அப்பா சிரித்தார்.

அப்போதுதான் களத்துப் பெண்களில் ஒருவர், நான் மம்சாபுரத்து அக்கா என்று கூப்பிடுபவர், வாசலில் வந்து நின்றார். மெலிந்த, குரல் கனத்த பெண். அத்தனை சூட்டில் நிற்கிறவர்களுக்கு மத்தியானம் செத்த நேரம் நிழல் உண்டா என்று கேட்டார். அப்பா வேறு நாளாக இருந்தால் அதட்டியிருப்பார். மச்சினன் பக்கத்தில் நின்றதால் பெரிய மனுஷன் ஆனார்.

"நாப்பதைத் தாண்டுச்சுன்னா பன்னெண்டுலருந்து மூணு வரைக்கும் யாரும் களத்துல நிக்க வேண்டாம். போதுமா?"

எண்ணைப் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. பள்ளிக்கூடம் லீவு. தினமும் பன்னிரண்டு மணிக்குப் பெட்டியைப் பார்த்து, கோடு போட்ட நோட்டில் தேதி, மணி, எண் மூன்றையும் எழுதி, பிறகு களத்துக் கரும்பலகையில் பெரிதாக எழுதுவேன். "பாப்பா, எம்புட்டு?" என்று பதினோரு பேரும் கேட்பார்கள். நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று, நாற்பத்திரண்டு. பரீட்சை பாஸான மாதிரி ஓடிப்போய்த் தண்ணீர்த்தொட்டி நிழலில் படுத்துக்கொள்வார்கள். தொடர்ந்து பத்து நாள் நாற்பது தாண்டியது. மூன்று மணிக்குமேல் துணி காய்ந்து முடியவில்லை. மடித்த கட்டுகள் குறைந்தன. பெட்டியைப் பார்க்கும்போது அப்பாவின் முகம் மாறியது. வாக்குக் கொடுத்தது மச்சினன் எதிரில். திரும்பப் பெறவும் முடியவில்லை.

பதினோராம் நாள் பெட்டியில் எண் வரவில்லை. இரண்டு சிறு கோடுகள்தான் இருந்தன. மாமாவும் நானும் சென்சாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ரேடியோ மெக்கானிக்கிடம் போனோம். அவர் மூடியைத் திறந்ததும் முகர்ந்து பார்த்தார். பேட்டரி உருகி ஒழுகி, உள்ளே தகடு கருத்துக் கிடந்தது. இதைக் கொண்டுபோய் அடுப்பிலா வைத்தீர்கள் என்று கேட்டார். களத்தில் வைத்தோம் என்றார் மாமா.

அன்று சாயங்காலம் மாமா அட்டைப்பெட்டியிலிருந்து இரண்டாவது சென்சாரை எடுத்தார். மாற்றும் வேலையை என்னிடமே கொடுத்தார். பின்பக்கம் இருக்கும் சின்ன விசையை ஒன்று என்ற எண்ணுக்கு நேராக வைக்க வேண்டும். முதலில் சென்சாருக்குப் பேட்டரி, அப்புறம்தான் பெட்டிக்கு. மாற்றிப் போட்டால் ஒன்றை ஒன்று கண்டுபிடிக்காது. மூன்று நிமிடம் எதையும் தொடாமல் இருக்க வேண்டும். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தேன். எண் வந்தது. இன்றுவரை வேறெந்த வேலையிலும் எனக்கு அந்தச் சந்தோஷம் கிடைத்ததில்லை. அதைச் சொல்வதற்கே இப்போது வாய் கசக்கிறது.

கையேட்டை மாமா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நிழல் என்ற இடம் வந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நெழல்லயா மாட்டணும்? பொஸ்தகத்துலயே போட்டிருக்கா?"

போட்டிருக்கிறது அத்தான், என்றார் மாமா. காற்றின் சூட்டை அளப்பதென்றால் நிழலில்தான் அளக்க வேண்டும் என்று விளக்கமும் சொன்னார். அது உண்மை. ஆனால் அப்பா தேர்ந்தெடுத்த நிழல், தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே வருடம் முழுக்க நீர் கசிந்து பாசி பிடித்த வடக்குச் சுவர். அங்கே கையை வைத்தால் சில்லென்று இருக்கும். அது மாமாவுக்கும் தெரியும். ஆணியை அடித்தது அவர்தான்.

மறுநாள் கரும்பலகையில் முப்பத்து நான்கு என்று எழுதினேன்.

மம்சாபுரத்து அக்கா எண்ணைப் பார்த்தார், பிறகு மேலே சூரியனைப் பார்த்தார்.

"மாத்துனது மெசினையா பாப்பா, வெயிலையா?"

பெண்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே களத்துக்குள் போனார்கள். எனக்கு முகம் எரிந்தது. நான் மூன்று நிமிடம் மூச்சடக்கிக் கொண்டுவந்த எண்ணை அவர் கேலி செய்துவிட்டார்.

சுவரில் மாட்டிய நான்காம் நாள் பன்னிரண்டு மணிக்குப் பெட்டியில் நாற்பத்து மூன்று இருந்தது. சுவரைப் போய்ப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது. களத்தில், துணி விரித்திருந்த மூங்கிலின் முனையில், பேண்டேஜ் துணியில் கிழித்த ஒரு துண்டால் சென்சாரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மம்சாபுரத்து அக்கா அதன் பக்கத்திலேயே துணி விரித்துக்கொண்டிருந்தார். ஒளிக்கவில்லை.

"நாங்க நிக்கிற எடத்துல இருந்தாத்தான பாப்பா அதுக்குத் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. என் நோட்டில் ஒரு நாள் கெட்டுப்போனது. அதுதான் என் கோபம், வேறொன்றும் இல்லை. நான் பெரியவள் மாதிரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னேன்.

"இத வெயில்ல வைக்கக்கூடாது. கெட்டுப்போயிரும்."

 அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"அது கெட்டுப்போயிருமாம்ல, ஏட்டி."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, சென்சாரை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார். நான் நேராக ஆபீசுக்கு ஓடி, யார் எடுத்தது, எங்கே கட்டியிருந்தது, எத்தனை மணிக்குப் பார்த்தேன் என்று ஒன்று விடாமல் அப்பாவிடம் சொன்னேன். அப்பா அவரைக் கூப்பிட்டுவிட்டார். சிங்கப்பூர்ச் சாமானில் கைவைத்தவள் நாளைக்குத் துணியிலும் கைவைப்பாள் என்றார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். "விடுங்க அத்தான்" என்று மாமா ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்லவில்லை. அக்கா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அந்த வெயிலிலேயே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். நான் நோட்டில் நாற்பத்து மூன்றைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'தவறான இடம்' என்று எழுதினேன்.

பல வருடங்களுக்குப் பிறகு அப்பாவிடம் இதைக் கேட்டேன். புத்தகத்தில் போட்டிருந்தது, நான் என்ன செய்ய என்றார். வடக்குச் சுவர் என்று புத்தகத்தில் போட்டிருந்ததா என்று நான் குரலை உயர்த்தினேன். அம்மா உள்ளேயிருந்து வந்து, வயசான மனுஷனிடம் என்ன பேச்சு என்று என்னைத்தான் அடக்கினாள். மாமா போனில் சிரித்தார். அவருக்கு ஞாபகமே இல்லையாம். எனக்கு இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு சுவர் தேவைப்பட்டது, மாமாவுக்கு ஒரு விளக்கம் போதுமாயிருந்தது. பொய்யைத் தினமும் அழகான கையெழுத்தில் எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்கு நான் கிடைத்தேன்.

அந்த அக்கா போன மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல முப்பத்து நான்கு என்று எழுதிவிட்டு, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பத்துப் பேரில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பள்ளிக்கூடம் திறக்கும்வரை ஒருவரும் என்னிடம் எம்புட்டு என்று கேட்கவில்லை. கடைசியில் இவர்களும் மெசினை நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.