அம்மாவைப் பின் சீட்டில் ஏற்றிய மாதங்கள்

கார் கம்பெனியிலிருந்து அந்தக் கடிதம் வந்தபோது கடையில் நல்ல கூட்டம். சிதம்பரம் கீழ வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, ஆதார், சாதிச் சான்றிதழ் என்று ஊரார் காகிதமெல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகும். தன் காகிதத்தைத் தானே படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும், சில சமயம் வாய்விட்டுத் திட்டியும் விடுவேன். அதனால் என் பெயருக்கு வந்த கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் எதிரே டேஷ்போர்டுக்குள் மடித்து வைத்திருக்கும் ஏர்பேக்கில் கோளாறு இருக்கலாம். வண்டி எதன்மீதாவது மோதி அது விரியும்போது, உள்ளே இருக்கும் இரும்புக் கூடு வெடித்துச் சில்லுகள் முகத்தில் பாயலாம். இலவசமாக மாற்றித் தருகிறோம். மாற்றும்வரை அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த சீட்டில்தான் வாரத்துக்கு மூன்று நாள் அம்மா உட்கார்ந்து வந்தாள்.

அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய் அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கடலூரில் டயாலிசிஸ். சிதம்பரத்திலேயே செய்துகொள்ளலாம்தான். ஆனால் முதலில் பார்த்த கடலூர் டாக்டர்தான் கைராசிக்காரர் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அவள் முடிவு கட்டியதை மாற்ற எங்கள் அப்பாவாலேயே முடிந்ததில்லை. வேறு வழியில்லாமல் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுக் காலையிலேயே அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்புவேன்.

அம்மா பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் டேஷ்போர்டின் மேல் வைத்துக்கொண்டுதான் வருவாள். வெள்ளாற்றுப் பாலம் வந்தால் தண்ணீர் போகிறதா என்று எட்டிப் பார்ப்பாள். பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று வழியில் வரும் ஒவ்வோர் ஊருக்கும் அவளிடம் ஒரு கதை இருந்தது. யார் வீட்டுப் பெண்ணை எங்கே கொடுத்தார்கள், எந்தச் சம்பந்தம் எதனால் முறிந்தது, எந்த மாமியார் எந்த மருமகளை எப்படிப் படுத்தினாள். ரோட்டில் மாடு நின்றால் எனக்கு முன்னால் அவள் பார்த்துவிடுவாள்.

"ஆரன் அடிடா. அது நம்மளப் பாக்கவே இல்ல."

"நீயே ஓட்டும்மா. நான் பின்னாடி ஒக்காந்துக்கிறேன்."

"குடுத்துப் பாரு, ஓட்டுறனா இல்லையான்னு."

சிறு வயதில் நான் அம்மாவோடு இப்படிப் பேசியதில்லை. அவளுக்குச் சமையலறை, எனக்குத் தெரு. பிறகு கடை, கல்யாணம், பிள்ளைகள். ஐம்பது வயதுக்கு மேல்தான் அம்மாவோடு உட்கார்ந்து பேசக் கிடைத்தது. வியாதிக்கு நன்றி சொல்ல முடியாது. ஆனாலும் போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம் என்று கிடைத்த அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது.

கடிதத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். கடலூரில் இருக்கும் சர்வீஸ் சென்டரில்தான் மாற்ற வேண்டும், பார்ட் வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். மூன்று வாரத்தில் பார்ட் வந்துவிட்டது, வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் விடவில்லை. முன்பு ஒரு தரம் வேறு ரிப்பேருக்கு வண்டியை அங்கே காலையில் விட்டு மூன்றாம் நாள்தான் எடுத்துவந்தேன். இப்போது மூன்று நாள் வண்டி இல்லாவிட்டால் அம்மாவின் டயாலிசிஸ் ஒன்று தவறிப்போகும். டயாலிசிஸ் இல்லாத நாளில் போய்ச் செய்துகொண்டு வரலாமே என்றாள் மனைவி. அந்த நாட்களிலும் எனக்குப் பயம். ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குத் திடீரென்று மூச்சு வாங்கி, வாசலில் வண்டி நின்றதால்தான் பிழைத்தாள். அதிலிருந்து வண்டி வாசலை விட்டு நகர்ந்தாலே என் மனசு சரியாக இருக்காது.

மனைவியின் தம்பியும் அதே வண்டிதான் வைத்திருந்தான். அவனுக்கும் கடிதம் வந்திருந்தது.

"அதெல்லாம் கண்டுக்காத மாமா. எங்கியாவது இடிச்சாத்தான அது வெடிக்கும்? நீ என்னிக்கு அறுவது ஸ்பீடத் தாண்டியிருக்க?"

அவன் சொன்னது காதுக்கு இதமாக இருந்தது. ஆனால் நான் அந்த வரியைப் படித்தவன். யாரையும் உட்கார வைக்காதீர்கள் என்று அச்சில் இருந்தது, அதைப் படிக்காததுபோல இருக்க முடியவில்லை. மாற்றவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துவிட்டால் போதும், ஏர்பேக்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். என்ன மூளை எனக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒருவர் கிளம்பும்போது கெட்ட வார்த்தை வாயில் வரக் கூடாது. எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கக் கூடாது. போறேன் என்று சொன்னால் போயிட்டு வரேன் என்று திருப்பிச் சொல்ல வைப்பாள் அம்மா. செருப்பு மாட்டும் நேரத்தில் யாராவது சாவு, விபத்து என்று ஏதாவது பேசிவிட்டால், கிளம்பியவர் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும். இப்படிப்பட்ட மனுஷியிடம், அதுவும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நேரத்தில், நீ உட்கார்கிற இடத்தில் இரும்பு வெடித்து முகத்தில் பாயும் என்று நான் எப்படிச் சொல்வேன். அதனால் காரணத்தைச் சொல்லவில்லை.

முதல் நாள் அம்மா வழக்கம்போல முன் கதவில் கை வைத்தாள். நான் பின் கதவைத் திறந்தேன்.

"பின்னாடி ஒக்காரும்மா. காலு நீட்டிக்கலாம்."

"எனக்கு முன்னாடியே சௌகரியமாத்தான் இருக்குது."

"சொன்னாக் கேக்க மாட்டியா நீ? எல்லாத்துக்கும் எதிர்ப்பேச்சு."

தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னேன். பொய் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பின்னால் ஏறிக்கொண்டாள். அவளுடைய ஆஸ்பத்திரிப் பையை நான் முன் சீட்டில் வைத்தேன். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள்.

அன்றிலிருந்து அவள் முன் கதவுப் பக்கம் வரவே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் அவள் நெற்றியும் பொட்டில்லாத புருவ மத்தியும் மட்டும் தெரியும். வெள்ளாறு வரும், போகும். புதுச்சத்திரம் வரும், போகும். எந்தச் சம்பந்தமும் முறியவில்லை, எந்த மாட்டையும் அவள் பார்க்கவில்லை. ஏம்மா பேசவே மாட்டேங்கிற என்று ஒரு தரம் கேட்டேன். அசதியா இருக்குதுப்பா என்றாள். என்னை எப்போதும் டா போட்டுத்தான் பேசிப் பழக்கம் அவளுக்கு. அதையும் நான் வியாதியின் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன். சர்வீஸ் சென்டரிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றேன். இப்படியே நாலு மாதம் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை காலை காப்பி குடித்துவிட்டுக் கொஞ்சம் படுக்கிறேன் என்றவள் எழுந்திருக்கவில்லை. வண்டி வாசலில்தான் நின்றது.

காரியமெல்லாம் முடிந்தபின் அக்காவை மேல்பட்டாம்பாக்கத்தில் கொண்டுபோய் விடக் கிளம்பினேன். என் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் பஸ் பிடித்துக் கடலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்திருப்பாள். கூட ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் அந்த நாட்களில் நான் வெளியே வண்டியில் ஏசி போட்டுப் படுத்திருப்பேன். இனி வண்டி எங்கே நின்றால் என்ன. கடலூர் வழியாகத்தானே போகிறோம், வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று சர்வீஸ் சென்டருக்குள் திருப்பினேன்.

"எப்பத் தருவீங்க? நாளைக்கா, நாளன்னிக்கா?" என்று கவுன்ட்டரில் இருந்தவரிடம் கேட்டேன்.

"எதுக்கு சார்? இங்கியே ஒக்காருங்க. ஒரு மணி நேர வேல."

நான் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி அங்கிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் இருக்கும். அங்கே அம்மா மிஷினில் நாலு மணி நேரம் படுத்திருப்பாள். நாலு மாதம், வாரத்துக்கு மூன்று நாள். ஒரு தடவைகூட எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் கேட்கவில்லை. ஊரார் காகிதத்துக்கெல்லாம் புத்தி சொல்கிறவன், ஒரு போனில் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

"என்னடா ரிப்பேரு?" என்றாள் அக்கா. சொன்னேன். கடிதம் வந்தது, அம்மாவைப் பின்னால் மாற்றியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அதுக்கா? அதுக்குத்தானாடா?"

"வேற எதுக்குக்கா?"

"அம்மா வேற மாதிரில்லடா நெனச்சிக்கிட்டுப் போயிடுச்சு." முந்தானையை எடுத்துவிட்டு மேலே சொன்னாள். "'எம்மேல நாத்தம் அடிக்குதுடி, அதான் புள்ள பக்கத்துல வெச்சிக்க மாட்டேங்கறான். பைய முன்னாடி வெச்சிக்கிறான், என்னப் பின்னாடி ஏத்துறான்'னு சொல்லும். கிட்னி போனா வாயெல்லாம் ஒரு வாட வரும்னு நர்ஸம்மா யார்கிட்டயோ சொன்னத இது கேட்டுக்கிச்சு. கெளம்புற அன்னிக்கி ரெண்டு தபா சோப்பு போட்டுக் குளிக்குமாம். ஏலக்கா வாங்கியாரச் சொல்லும் என்னை. வாயில அடக்கிக்கும். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுச்சு. 'அவன் பாவம், மூணு நாளும் வேலயப் போட்டுட்டு வரான், அவன் மனசு நோவக் கூடாது'ன்னுச்சு."

எனக்கு எந்த வாடையும் வந்ததில்லை. சத்தியமாக வந்ததில்லை. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அக்காவிடமே இரண்டு மூன்று தரம் சொன்னேன். அழுதேன். எதிர் சோபாவில் இருந்தவர் எழுந்து வெளியே போனார்.

"ஏன்டா, ஒரு வார்த்த அதுகிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"அம்மாவப் பத்தி உனக்குத் தெரியாதா. கெளம்பும்போது எப்படிக்கா அந்தப் பேச்ச எடுக்கறது?"

அக்கா கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"கெளம்பும்போது சொல்ல வேணாம்டா. திரும்பி வரும்போது சொல்லியிருக்கலாமில்ல?"