'ஒண்ணும் ஆவாது' என்று சொல்லக்கூடாத வேலை

அடுத்தவர் வீட்டுச் சுவரை முறைத்துப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். சென்னையில் மெட்ரோ ரயிலுக்காக மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டுகிறார்கள் அல்லவா, அந்தச் சுரங்கம் போகிற வழியில் மேலே இருக்கும் வீடுகளுக்கெல்லாம் நான் போவேன். சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்மேல் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை ஒட்டுவேன். பிறகு வாரா வாரம் போய், விரிசல் வளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்துவருவேன். தடுப்புத் தகரத்தைச் சுற்றிச் சுற்றி வண்டி ஓட்டி, தூசி தின்று, ஆபீசுக்கு லேட்டாகப் போய்த் திட்டு வாங்கிய புண்ணியவான்களே, மெட்ரோவால் உங்களுக்குத் தலைவலி என்றால் எனக்கு வயிற்றுக் கலக்கல்.

என்னைப்போல ஒரு பயந்தாங்கொள்ளியை இந்த வேலைக்கு எப்படித்தான் எடுத்தார்களோ! சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம் கச்சிராயபாளையம். கோமுகி அணையில் மதகு திறக்கிறார்கள் என்று யாராவது சொன்னாலே, அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றுகிற ஆள் நான். வேலையில் சேர்ந்த அன்றே எங்கள் இன்ஜினியர் ரேவதி மேடம் ஒரு கட்டளை போட்டார். வீட்டுக்காரர்கள் என்ன கேட்டாலும் அளவை மட்டும்தான் சொல்ல வேண்டும். ஆபத்து என்றும் சொல்லக்கூடாது, ஒன்றும் ஆகாது என்றும் சொல்லக்கூடாது. அதைச் சொல்லுவதற்கு மேலே ஆள் இருக்கிறார்கள்.

முகத்தைப் படிக்கிறவர்

ஒரு மாடி வீட்டில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். நான் சுவரைப் பார்ப்பேன், அவர் என்னைப் பார்ப்பார். அளவு சொன்னால் காதிலேயே வாங்கமாட்டார். என் புருவம் கொஞ்சம் ஏறினால் போதும், உள்ளே போய் மனைவியிடம் பீரோவை அந்தச் சுவரிலிருந்து நகர்த்தச் சொல்லிவிடுவார். ஒருநாள் எனக்குத் தும்மல் வந்து முகம் கோணியதற்கு, அந்த அறையையே காலி செய்துவிட்டார்கள்.

இது சரிப்படாது என்று அடுத்த வாரம் முகக்கவசம் மாட்டிக்கொண்டு போனேன். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு காரணமும் சொன்னேன். வேலை முடிந்து படியிறங்கும்போது வாத்தியார் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த தடவ கண்ணையும் மூடிக்கிட்டு வாங்க சார். எல்லாம் அதுலதான் தெரியுது."

ஊருக்கு வந்தாலும் விடாது

மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஊருக்குப் போவேன். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வருவதற்குள் நாலு பேர் மடக்கிவிடுவார்கள். மெட்ரோ எப்போது கள்ளக்குறிச்சிக்கு வரும் என்று கேட்பவர்கள் பாதி. டவுன் பஸ்ஸையே ஒரு மணி நேரம் காத்துக்கிடந்து பிடிக்கிற ஊரில் நான் என்ன பதில் சொல்ல? மீதிப் பேர் தங்கள் வீட்டு விரிசலைக் காட்ட இழுத்துக்கொண்டு போவார்கள்.

எங்கள் பெரியப்பாவுக்குக் கரும்பு விவசாயம். அவர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பழக்க தோஷம், சோற்றைப் பிசைந்துகொண்டே எதிர்ச் சுவரைப் பார்த்திருக்கிறேன். பெரியம்மா குழம்பு ஊற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள். அங்கே ஒரு பல்லியைத் தவிர எதுவும் இல்லை. பெரியப்பா கடுப்பாகிவிட்டார்: "அந்த ரயிலு நம்மூருக்கு வரவே வாணாம்டா. நீ ஒருத்தன் வந்தாலே வூடு வுழுந்துடுமோன்னு பயமாக்கீது."

மணலூர்பேட்டை அக்கா

இவ்வளவு நாளும் மேடம் போட்ட கட்டளையை ஒழுங்காகக் காப்பாற்றிக்கொண்டுதான் வந்தேன். அதை உடைத்தது செல்வி அக்கா வீட்டில். ஒரு சந்துக்குள் ஓட்டு வீடு. முன்னறையில் தையல் மெஷின், அதை ஒட்டினாற்போல் கட்டிலில் அவர் வீட்டுக்காரர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நான் முதல் தடவை போனபோது, "இன்னா ஒட்டிக்கினு கீற அங்க?" என்று அக்கா கேட்டதுமே எனக்கு ஊர் வாசனை அடித்துவிட்டது. விசாரித்தால் எங்கள் மாவட்டத்து மணலூர்பேட்டை. அன்றிலிருந்து எனக்கு அங்கே டீ நிச்சயம்.

சுரங்கம் தோண்டும் மெஷின் அந்தச் சந்தை நெருங்கியது. அடியில் அது கடக்கிற மூன்று நாளும் விருப்பப்பட்டவர்கள் லாட்ஜில் தங்கிக்கொள்ளலாம் என்று கம்பெனியில் நோட்டீஸ் கொடுத்தார்கள். சந்தில் எல்லாரும் மூட்டை கட்டினார்கள். அக்காவுக்கு மட்டும் முழி பிதுங்கியது. போன தடவை வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்த பிடியை விடவே இல்லையாம். திரும்பி வந்து ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லையாம். மறுபடி தூக்கினால் மனுஷன் தாங்கமாட்டார் என்று அக்கா அழுதார். போகட்டுமா, இருக்கட்டுமா, நீயே சொல்லு தம்பி என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று மாதமாக அந்த விரிசல் துளிகூட அசையவில்லை. அது உண்மை. ஆனால் மெஷின் அடியில் வந்த பிறகும் அசையாது என்று எனக்கு எப்படித் தெரியும்? கட்டிலில் இருந்தவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் ஆவாதுக்கா, இருங்க" என்று சொல்லிவிட்டேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்: "நம்மூருப் புள்ள சொன்னா செரிதான்."

அரை மில்லிமீட்டர்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மெஷின் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் போய்ப் பார்த்தால், விரிசல் அரை மில்லிமீட்டர் கூடியிருக்கிறது! கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு தடவை அரை காட்டியது, ஒரு தடவை ஒன்றுமே காட்டவில்லை, மறுபடி அரை. கிளம்பிவிடுங்கள் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா வீட்டுக்காரருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நம்ம ஊர்த் தம்பி சொல்லிவிட்டதாக அவரிடம் தைரியம் வேறு சொல்லிக்கொண்டிருந்தார். மென்று விழுங்கிவிட்டு வெளியே ஓடிவந்தேன்.

ரேவதி மேடத்திடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன், கட்டளையை மீறியதையும் சேர்த்து. திட்டப்போகிறார் என்று நினைத்தால், உடனே என்னோடு கிளம்பிவந்தார். தன் கண்ணால் நாலு தடவை பார்த்தார். பழைய அளவேதான், கவலைப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை என்றார். வெளியே வந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சுவர் ஆடலைங்க, உங்க கைதான் ஆடுது."

கூரைக்குக் கீழே

மெஷின் அந்த வீட்டைக் கடக்கிற அன்று லீவு போட்டேன். காலை எட்டு மணிக்கே அக்கா வீட்டுக்குப் போய், அடிக்கடி அளவு எடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சந்தே வெறிச்சென்று இருந்தது. அக்கா பாட்டுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். பதினோரு மணி வாக்கில் தரையில் ஒரு உறுமல் கேட்டது. அக்கா மிதிப்பதை நிறுத்திப் பார்த்தார். தையல் மெஷின் நின்ற பிறகும் உறுமல் நிற்கவில்லை. கட்டிலிலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நல்லாயிருந்த கைதான், என்ன பிடி! நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடம் போன் பண்ணினார். மெஷின் அந்த வீட்டைத் தாண்டிவிட்டது. அளவு பார்த்தேன், துளிகூட மாறவில்லை. மணிக்கட்டில் நாலு விரல் தடம் மட்டும் சிவப்பாக இருந்தது. அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "நீ காலையில வந்து குந்தினப்பவே தெரிஞ்சிபோச்சு தம்பி, நீ சொன்னதுல ஒனக்கே நம்பிக்க இல்லன்னு. அப்பவே ஆளுங்கள கூப்புட்டு இவர தூக்கிக்கினு போயிருப்பேன். நீயும் இதே கூரைக்குக் கீழதான குந்திக்கினு கீறன்னு வுட்டுட்டேன்."

நாளைக்கு ரயில் ஓடும்போது நீங்கள் ஏசியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்தபடி அந்த வீட்டின் அடியில் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுவீர்கள், எனக்கு அதே இடத்தைக் கடக்க உட்கார்ந்த இடத்திலேயே ஒரு முழுப் பகல் பிடித்தது.