பாலாற்று மணலில் ஒரு கிராப்புத் தலை

சினிமா ஸ்டூடியோவில் இசை இலாகாவை நடத்துகிறவனுக்குச் சங்கீதம் தெரிந்தால் மட்டும் போதாது, யாரை எங்கே உட்கார வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். பட்டம் வாங்கியும் நிற்க இடம் தேடுகிற நண்பர்களே, உங்களுக்குப் புரியும்.

வாக்கு

வேலூருக்கு வெளியே பெரிய ஸ்டூடியோ கட்டிய எங்கள் முதலாளி ஆம்பூர்த் தோல் வியாபாரி. அவருடைய தோல் பதனிடும் ஷாப்பில்தான் என் அப்பா சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டினார். எங்கள் வீட்டில் முதல் பி.ஏ. நான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆர்மோனியமும் கற்றிருந்தேன். மெட்டுப் போடுவது, ஒத்திகை நடத்துவது எல்லாம் என் பொறுப்பு என்றார் முதலாளி. படத்தின் ஆரம்பத்தில் என் பெயர் வருமா என்று மட்டும் கேட்டேன்.

"வராம? உங்கப்பன் பார்த்துப் பூரிச்சுப் போவான் பாரு!"

விசாரிப்பு

பட்டணத்து மிருதங்க வித்வான் முதல் நாள் அன்பாகத்தான் பேசினார். வெற்றிலையை நீட்டியபடி, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். நீட்டிய வெற்றிலை அவர் வாய்க்கே போயிற்று. அவர் மடியில் இருந்ததும் தோல்தானே என்று கேட்க நாக்குத் துடித்தது. வேலை போய்விடுமோ என்று பயந்து, தாளத்தைப் பற்றிப் பேசினேன். மறுநாள் என் நாற்காலி ஜன்னலோரம் தள்ளிக் கிடந்தது.

"தப்பா நினைக்காதீர் தம்பி, உம்ம குரல் தூரத்துல இருந்தே நல்லாக் கேக்குது."

பள்ளம்

அப்போதெல்லாம் நடிகை பாடும்போதே வாத்தியங்களும் வாசிக்க, பாட்டும் படமும் ஒன்றாகப் பதிவாகும். வாத்தியக்காரர்கள் காமிராவில் விழக் கூடாது. முனிவர் மகள் பாடும் காட்சிக்காகப் பாலாற்று மணலில் பள்ளம் தோண்டி அவர்களை இறக்கினேன். தாளம் காட்ட நானும் இறங்கினேன். வித்வான் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முதலாளியைப் பார்த்தேன்.

"பேஜார் பண்ணாதே. அவரு போய்ட்டா பாட்டே இல்ல. நீ அந்த நாணலுக்குப் பின்னால நின்னு கையக் காட்டு."

கிராப்பு

சரணத்தில் தாளம் தளர்ந்தது. பதறிப்போய் நிமிர்ந்து கையை வீசினேன், சேர்ந்துகொண்டது. படத்தைப் போட்டுப் பார்த்தபோது, ஆசிரமத்து நாணலுக்கு மேலே என் கிராப்புத் தலை ஒருமுறை எழுந்து அமிழ்ந்தது. நடிகை ஊருக்குப் போயிருந்தாள். அந்த இடத்தை வெட்டினால் பாட்டும் வெட்டுப்படும். அப்படியே விட்டுவிட்டு என் பெயரை எடுத்தார்கள். 'இசை' என்பதற்குக் கீழே வித்வான் பெயர் ஏறியது. முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

"அதான் தலையக் காட்டிட்டியே, பேரு வேற இன்னாத்துக்கு? ஜாஸ்தி ஆசப்படாதே."

டெண்டுக் கொட்டகை

ஆம்பூர்க் கொட்டகையில் அப்பாவோடு தரையில் உட்கார்ந்தேன். பெயர்கள் வந்தபோது, "இதுல எதுடா உன் பேரு?" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எதையாவது காட்டியிருக்கலாம். "இல்லப்பா" என்றேன். நாணலுக்கு மேலே தலை எழுந்ததும் அப்பா துள்ளி எழுந்து, "அதோ, எம்புள்ள!" என்று கத்தினார். கொட்டகை சிரித்தது. திரும்பும் வழியில் என் தோளில் கை போட்டார்.

"பேரு வந்திருந்தா யாராச்சும் படிச்சுச் சொல்லணும். இது எனக்கே தெரிஞ்சுச்சுடா."

அந்த இலாகாவில் நான் போட்ட மெட்டெல்லாம் வித்வானுடையவையாகிவிட்டன. நான் செய்த பிழை மட்டும் என்னுடையதாகவே இருந்தது.